பந்தி முதலில்

ஃப்ளாஸ்க் நிறைய மிளகு ரசம் கொண்டுபோனேன். "டெயில்கேட்டுக்கு யாரும் வெறுங்கையோட வரமாட்டாங்க, உங்க ஊர் ஐட்டம் ஏதாவது எடுத்துட்டு வா" என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். உறைகிற குளிரில், வெட்டவெளியில், பல மணி நேரம் நிற்க வேண்டும். போண்டா போட்டால் போய்ச் சேர்வதற்குள் கல்லாகிவிடும். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். "ரசம் வச்சு எடுத்துட்டுப் போடா, தொண்டைக்கும் இதமா இருக்கும்" என்றது அம்மா. பிரச்சினை தீர்ந்தது.

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், எரி ஏரிக்கரையில் இருக்கிறது பஃபலோ நகரம். அதற்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் என்ற ஊரில் பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்டேடியம். அன்று மாலை 6:30க்கு கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியோடு பிளே-ஆஃப் ஆட்டம். நான் வேலைக்காக பஃபலோ வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. என் டீமில் டேட்டாபேஸ் பார்க்கிற மனுஷர், வயது 58, அவருடைய மகன் வர முடியாமல்போன டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார். அவரை இங்கே சீனியர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். பெயரில்தான் கால் இருக்கிறது. ஆனால் அணியில் ஒருத்தருக்குக் காலால் உதைப்பது மட்டுமே வேலை. அவர்தான் கிக்கர். மற்றவர்கள் மூன்று மணி நேரம் முட்டி மோதும்போது அவர் பெரும்பாலும் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். கடைசியில் "போய் அடிச்சுட்டு வா" என்று அனுப்புவார்கள். தூரத்தில் இருக்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று புள்ளி. போகவில்லை என்றால் ஊர்ப்பழி முழுக்க அவர் தலையில். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

டெயில்கேட் என்பது கார் டிக்கியின் கதவு. அதைத் திறந்துபோட்டு, பக்கத்தில் அடுப்பு மூட்டி, சமைத்து, குடித்து, ஆட்டம் தொடங்கும்வரை கும்மாளம் போடுவதற்கும் அதே பெயர்தான். குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், வாசலிலேயே கல் கூட்டி அடுப்பு வைப்போமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியையே பார்க்கிங்குக்கு வாடகைக்கு விடுகிறார்கள். புல்வெளி என்று சொல்கிறேனே தவிர, அன்று எல்லாம் பனி. ஸ்டேடியத்துக்குள் பனியை அள்ளிப்போட ரசிகர்களையே மணிக்கு 20 டாலர் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த மாதிரி வாரம். பனிக்கு மேலே புகை. சிக்கன் விங்ஸ் வாசனை. உலகம் முழுக்க 'பஃபலோ விங்ஸ்' என்று விற்பதை இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், வெறும் விங்ஸ்தான். உப்பும் சீமைச் சோம்பும் தூவிய பன்னில் மாட்டிறைச்சியை அடுக்கிக் கொடுக்கிற 'பீஃப் ஆன் வெக்' இன்னொரு ஊர்ப் பெருமை. நாலு கார் தள்ளி, ஒரு பையன் வேன் கூரையிலிருந்து மடக்கு மேசை மேல் குதித்து அதை இரண்டாக உடைத்தான். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு கேட்டா பதில் இல்ல, இங்க அப்படித்தான்" என்றார் சீனியர்.

அவருடைய அடுப்பு துருப்பிடித்த கரி கிரில். ஒரு கால் உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அப்பாவுடையதாம். புதுசு வாங்க இவரிடம் காசு இல்லாமல் இல்லை. ரசத்தைக் காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயில் இருமினார். இரண்டாவது கப் அவரே கேட்டு வாங்கினார். அப்புறம் பக்கத்து காரிலிருந்தும் கப் நீண்டது.

வயிறு கொஞ்சம் நிறைந்ததும் பேச்சு தோல்விக்குப் போனது. எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. இன்னும் சில மணி நேரத்தில் முக்கியமான ஆட்டம். எங்கள் ஊராக இருந்தால் அபசகுனம் என்று வாயைப் பொத்துவார்கள். இங்கே ஆளாளுக்கு மாறி மாறி, ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் எடுத்து, பழைய தோல்விகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்லதங்காள் கதை மாதிரி. எல்லாருக்கும் முடிவு தெரியும், இருந்தாலும் கேட்பார்கள்.

பஃபலோ பில்ஸ் தொடர்ந்து நான்கு வருடம் சூப்பர் பௌல் இறுதிப் போட்டிக்குப் போன அணி. அப்படிப் போன அணி வேறு எதுவும் இல்லை. நான்கிலும் தோற்றது. 1992இல் வாஷிங்டனிடம் 37-24. ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் நட்சத்திர வீரர் தர்மன் தாமஸின் ஹெல்மெட் காணாமல்போய், முதல் இரண்டு நகர்வுகளுக்கு அவர் வெளியே நின்றார். 1993இல் டல்லாஸிடம் 52-17. 1994இல் மறுபடியும் டல்லாஸ், பாதி ஆட்டத்தில் 13-6 என்று முன்னால் இருந்துவிட்டு 30-13 என்று கோட்டை விட்டார்கள்.

அந்த 52-17 ஆட்டத்தைச் சொல்லும்போது மட்டும் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். தோல்வி உறுதியான பிறகு, டல்லாஸின் லியோன் லெட் தரையில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். எல்லைக்கோட்டுக்கு முன்னால் கையை நீட்டிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார். பின்னால் வெகுதூரத்திலிருந்து துரத்திவந்த பஃபலோ வீரர் டான் பீபி கடைசி நொடியில் பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டத்தின் முடிவில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. "ஆனாலும் ஓடினான் பாரு" என்றார் சீனியர்.

முதல் தோல்வியை அவர் கடைசியாகச் சொன்னார். 1991 ஜனவரி 27, டாம்பா. நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, பஃபலோ 19. எட்டு நொடி மீதி. 47 கெஜம், அதாவது சுமார் 43 மீட்டர். கிக்கர் ஸ்காட் நார்வுட் அடித்த பந்து வலது கம்பத்துக்கு வெளியே போனது. 'வைட் ரைட்' என்ற இரண்டு சொற்களை பஃபலோவில் இன்றும் ஒருவர் சும்மா உச்சரிக்க முடியாது.

அன்று சீனியருக்கு 25 வயது. மறுநாள் திங்கள்கிழமை, அவரும் அவர் அப்பாவும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் நயாகரா சதுக்கத்துக்குப் போனார்கள். தோற்று வந்த அணியை வரவேற்க. 25,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வீரர்கள் மேடையில் வரிசையாகப் பேசினார்கள். நார்வுட் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் அவரைக் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் கொஞ்சம் பேர், பிறகு மொத்தச் சதுக்கமும். ஸ்காட் வரணும், ஸ்காட் வரணும் என்று. அவர் முன்னால் வந்தார். குரல் உடைந்தது. இவ்வளவு அன்பை வாழ்க்கையில் உணர்ந்ததில்லை என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

"எங்கப்பா அழுது அன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார் சீனியர். "மேட்ச் முடிஞ்சப்ப அழல. மறுநாள், சதுக்கத்துல."

அப்பா 2016இல் இறந்துபோனார். 2000த்துக்குப் பிறகு பில்ஸ் அணி 17 சீசன்களுக்கு பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. அந்த வறட்சி தீர்ந்தது 2017 டிசம்பர் 31. அதைப் பார்க்க அவருக்கு ஒரு வருடம் போதவில்லை. கிரிலின் கம்பிக் கட்டை நான் ஏன் மறுபடி பார்த்தேன் என்று தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் படுத்து, வாடிக்கையாளர்கள் கத்தி, எல்லாம் சரியான பிறகு 'ப்ளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒரு அறிக்கை எழுதுவோம். தப்பு எங்கே நடந்தது என்று இருக்கும், யார் செய்தது என்று இருக்காது. பெயரை எடுத்துவிடுவதுதான் நாகரிகம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நயாகரா சதுக்கத்தில் பெயரை எடுக்கவில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

ரசம் கப்பைப் பிடித்துக்கொண்டு நான் என் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2004, காணும் பொங்கல். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். முந்திரித் தோப்பை ஒட்டிய மைதானத்தில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட், ஃபைனல். நான் ஒன்பதாவது படிக்கிறேன். அண்ணனுக்கு 21. ஜெயித்தால் கிடா வெட்டிக் கறிசோறு என்று ஊரில் ஒரு பெரிய மனுஷர் வாக்குக் கொடுத்திருந்தார். கிடா தோப்பு ஓரத்தில் கட்டியிருந்தது. நம்பிக்கையில் வெங்காயம்கூட உரித்துவிட்டார்கள். பக்கத்து ஊர் அணிக்குக் கடைசிப் பந்தில் மூன்று ரன் வேண்டும். பேட்ஸ்மேன் தூக்கி அடித்தான். பந்து உயரே போய், லாங் ஆனில் நின்ற அண்ணனுக்கு நேராக இறங்கியது. கையில் பட்டு, நழுவி, காலில் இடறி, கயிற்றைத் தாண்டிப் போனது.

பந்தி நடக்கவில்லை. உரித்த வெங்காயத்தை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியாது. கிடாவை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அது எங்கள் எல்லாரையும் திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. நான் என் சேக்காளிகளிடம் சொன்னேன்: "எங்கண்ணன் வள்ளலார்டா. ஆட்ட காப்பாத்திட்டாரு."

வடலூர் எங்களுக்குப் பக்கம். ஜீவகாருண்யம் என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜோக் ஒரு மணி நேரத்தில் ஊர் சுற்றியது. அன்று ராத்திரிக்குள் அண்ணனுக்குப் பெயர் வள்ளலார். பண்ருட்டியில் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்ட பிறகும் வள்ளலார் கடை. அவன் கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில்கூட, பசங்க ஒரு ஓரத்தில் ஆட்டுக்குட்டிப் படம் போட்டார்கள். அவன் சிரித்தான். ஆனால் அந்த மைதானத்துக்குள் 2004க்குப் பிறகு கால் வைக்கவில்லை. பெயர் வைத்தது நான்தான் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். பஃபலோ 24, கான்சஸ் சிட்டி 27. ஒரு நிமிடம் 43 நொடி மீதி. சமன் செய்ய 44 கெஜம், சுமார் 40 மீட்டர். கிக்கர் டைலர் பாஸ், வயது 26. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பந்து கிளம்பியது. கூட்டம் எழுந்தது. பந்து வலது பக்கம் போனது.

வைட் ரைட். மறுபடியும்.

எழுபதாயிரம் பேருக்கு இடமுள்ள ஸ்டேடியம் சத்தமில்லாமல் போவதை நான் முன்பு கேட்டதில்லை. மீதி நேரத்தை எதிரணி கரைத்துவிட்டது. படிகளில் பனி நொறுங்கும் சத்தத்தோடு இறங்கி வந்தோம். பார்க்கிங்கில் யாரோ ஒரு பையன் கிக்கரின் குலத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். கார்கள் நகரவில்லை. சீனியர் எதுவும் பேசாமல் கிரிலைத் திறந்தார். கரியில் இன்னும் கொஞ்சம் கனல் இருந்தது. மிச்சமிருந்த சாசேஜை அதில் போட்டு, திட்டிக்கொண்டிருந்த பையனையும் கூப்பிட்டு ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க, ஆறிடும்."

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். 1991இல் தவறவிட்ட அதே நார்வுட், அடுத்த சீசனின் அரையிறுதியில், டென்வருக்கு எதிராக 44 கெஜத்திலிருந்து ஒன்று அடித்தார். பஃபலோ ஜெயித்தது 10-7. அந்த மூன்று புள்ளிதான் வித்தியாசம். "அதை யாரும் ஞாபகம் வச்சுக்கல. ஆனா அந்த திங்கக்கிழமை நாங்க சதுக்கத்துக்குப் போகலேன்னா, அவன் அதை அடிச்சிருப்பானான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு." இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவருக்கும் தெரியும்.

பஃபலோவைக் கோயிலாக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. அன்று ராத்திரியே பாஸுக்குச் சமூக வலைத்தளங்களில் மிரட்டல்கள் போயின. கணக்குகளை மூடிவிட்டுப் போனார். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. அவர் முன்பு உதவியிருந்த டென் லைவ்ஸ் க்ளப் என்ற பூனைக் காப்பகம், எங்கள் நண்பரைத் துன்புறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள, ரசிகர்கள் அவர் பெயரில் அங்கே பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். பலரும் 22 டாலர் வீதம். சில நாளில் லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த ஊருக்கு இது பழக்கம். 2017இல் வறட்சி தீரக் காரணமான டச் டவுனை எறிந்தவர் சின்சினாட்டி அணியின் ஆண்டி டால்டன். 17 வருடத்துக்கு 17 டாலர் என்று அவருடைய அறக்கட்டளைக்கும் இப்படித்தான் அள்ளி அனுப்பினார்கள்.

அந்தச் செய்தியை ஆபீஸில் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. ஒருத்தன் தவறவிட்டதால் இங்கே பூனைகள் பிழைத்தன. ஒருத்தன் தவறவிட்டதால் எங்கள் ஊரில் ஒரு கிடா பிழைத்தது. அதை நாங்கள் இருபது வருடம் அவன் மேலேயே எறிந்துகொண்டிருந்தோம். தோல்வியைப் பேசுவதில் தப்பில்லை, பார்க்கிங்கில் அவர்களும் அதைத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் 'நாம தோத்தோம்' என்றார்கள். நாங்கள் 'அவன் விட்டான்' என்றோம்.

இன்னொன்றும் உறைத்தது. எங்கள் ஊரில் பந்தி ஜெயித்தவனுக்கு. இங்கே பந்தி முதலிலேயே முடிந்துவிடுகிறது. ஜெயிப்பானா தோற்பானா என்று தெரியாதபோதே சாப்பாடு, சிரிப்பு, மேசை உடைப்பு எல்லாம் ஆகிவிடும். அப்புறம் ஸ்கோர்போர்டு என்ன சொன்னாலும், சாப்பிட்டதை அது திருப்பிக் கேட்க முடியாது. சீனியர் பிறந்ததிலிருந்து பில்ஸ் ஒரு சூப்பர் பௌல்கூட ஜெயித்ததில்லை. ஆனால் அப்பாவோடு அந்த கிரிலைச் சுற்றி அவர் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். டோர்னமெண்ட் இன்னும் நடக்கிறது. கறிசோறு செலவு என்னுடையது என்றேன், ஒரு கண்டிஷன்: ஃபைனலுக்கு முன்னால் பந்தி. கேப்டன் பையன் தலையைச் சொறிந்தான். "ஜெயிக்கிறதுக்கு முன்னாடியேவா? ராசி இல்லண்ணா." அப்புறம் கறி என்பதால் ஒத்துக்கொண்டான்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "மேட்ச்செல்லாம் பாக்க மாட்டன். சாப்புட வேணா வரேன்" என்றான். வந்தான். தோப்பு நிழலில் இலை போட்டு உட்கார்ந்தோம். எதிர்பார்த்தபடியே ஒரு குரல்: "டேய், வள்ளலாரு கறி திங்கிறாருடா!" எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

"அண்ணா, அன்னைக்கு வெயில் கண்ணுல அடிச்சிதில்ல" என்றேன். வீட்டில் அம்மா எல்லாருக்கும் சொல்லிவந்த காரணம் அது.

"வெயில்லாம் இல்லடா" என்றான், எலும்பை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு. "பந்து நல்லாத் தெரிஞ்சிது. பயம். புடிச்சா என்னா ஆவும்னு நெனச்சிட்டன். தூக்கி வச்சு ஆடுவானுங்க, கெடா வெட்டுவானுங்கன்னு. அதுக்குள்ள பந்து வந்துடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, "பேரு வச்சது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "ரசம் ஊத்திக்க" என்று வாளிக்காரரைக் கூப்பிட்டான். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. அவன் மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்பான்.

மேட்ச் பார்க்க மாட்டேன் என்றவன், இலை எடுத்த பிறகும் போகவில்லை. எங்கள் அணி 11 ரன்னில் தோற்றது. "வயிறு முட்டத் தின்னுட்டு எவன்ணா ஓடுவான்?" என்று கேப்டன் என்மேல் பாய்ந்தான். நியாயமான கேள்வி. அடுத்த வருஷம் தயிர்சாதம் போடலாம் என்று முடிவானது.

கடைசி ஓவரில் ரன் அவுட் ஆன பையன், பத்தொன்பது வயது இருக்கும், தோப்பு ஓரத்தில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் அண்டாவில் மிச்சமிருந்ததை ஒரு தட்டில் வழித்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தான்.

"சாப்புடு. ஆறிடப்போவுது."

பையன் நிமிரவில்லை. அண்ணன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டான்.